பஸ் டிக்கெட் வைத்த பக்கம்

"ரோமர் ஒண்ணு பதினேழு" என்று சர்ச்சில் போதகர் ஐயர் சொல்லி முடிக்கவில்லை, எனக்கு முன்னால் இருந்த பாட்டி பைபிளில் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

அடையாளத்துக்கு உள்ளே ஒரு பழைய ஏற்காடு பஸ் டிக்கெட். மை அழிந்து வெறும் வெள்ளைத் தாள்.

'விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்' என்ற வரி மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறிக் கிடந்தது.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தரையே புரட்டிப்போட்ட வசனம். 1517-ல் அவர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுக்க மனந்திரும்புதல்தான் என்பது. ஒருநாள் அழுது முடிக்கிற காரியமில்லை, தினமும் காலையில் எழுந்ததும் தொடங்குவது என்றார் ஐயர். எனக்கு நெஞ்சில் தைத்தது.

ஆராதனை முடிந்து, சேலம் வெயிலில் நின்றபடியே, நாலு மாசமாகப் பேசாத தம்பிக்குப் போன் போட்டேன்.

"சாப்டியாண்ணா?" என்றான்.