பத்தாவது ஜிப் டிஸ்க் வந்துவிட்டது

நேற்று ராத்திரி பதினொன்றேகாலுக்குப் பத்தாவது ஜிப் டிஸ்கிலிருந்ததைக் கணினிக்கு எடுத்து முடித்தேன். (ஜிப் டிஸ்க் என்பது தொண்ணூறுகளில் வந்த, ஃபிளாப்பி மாதிரியான 100 எம்பி தட்டு.) 1,96,608 செக்டரில் (தரவு பதிகிற சிறு துண்டுகள்) படிக்க முடியாமல் போனது ஆறே ஆறு! மூன்று வாரமாக இந்த ஒன்றோடுதான் மல்லுக்கட்டு.

செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி 2001-ல் நெகட்டிவ்களை ஸ்கேன் பண்ணி ஜிப் 100-ல் போட்டு வைத்தது மொத்தம் 12 டிஸ்க். நெகட்டிவ்கள் பிற்பாடு சாரல் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. மீட்டர்கேஜ் காலத்து ஆரியங்காவு, பகவதிபுரம், பதிமூன்று கண் பாலம் எல்லாம் இனி இந்த டிஸ்குகளில் மட்டும்தான். 2010-ல் நின்ற பாதையில் 2018-ல் அகல ரயில் வந்துவிட்டது, பழைய பெட்டிகள் வரப்போவதில்லை. "தம்பி, கல்யாணப் படமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ரயிலு வந்தாப் போதும்" என்றார் அண்ணாச்சி.

ஓரம் பார்ப்பதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஜிப் டிரைவில் ஹெட் (டிஸ்கைப் படிக்கும் முனை) வெளியிலிருந்து டிஸ்கின் விளிம்பைத் தாண்டித்தான் உள்ளே வருகிறது. டிஸ்க் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3,000 சுற்று சுற்றும். விளிம்பில் பிசிறு இருந்தால் ஹெட் போய்விடும். போன ஹெட் அடுத்து போடுகிற நல்ல டிஸ்கின் விளிம்பையும் கிழிக்கும். கெட்ட டிரைவ் போடும் "டிக், டிக்" சத்தம் தொற்றுநோய் மாதிரி பரவுவது இப்படித்தான். என் முதல் டிரைவ் போனதும் இதில்தான். இப்போது ஷட்டரைத் தள்ளிப் பிடித்து, அடியிலுள்ள உலோக வட்டை விரலால் மெல்லச் சுற்றி, டார்ச்சைச் சாய்த்து அடித்து முழு விளிம்பையும் பார்க்காமல் எதையும் உள்ளே விடுவதில்லை.

பத்தாவதில் விளிம்பு சுத்தம், ஆனால் பூஞ்சை வாடை. சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் இரண்டு வாரம் மூடி வைத்தேன். பிறகு டிடிரெஸ்க்யூ, பழுதான டிஸ்கிலிருந்து முடிந்தவரை நகலெடுக்கிற மென்பொருள். முதல் ஓட்டத்தில் வம்பான இடங்களைத் தாண்டிப் போகவிட்டேன், 4,000 செக்டருக்கு மேல் பாக்கி. எது வந்தது, எது பாக்கி என்று அது குறித்துவைக்கும் அதே மேப் ஃபைலை வைத்துப் பின்னோக்கிப் படிக்கவிட்டதும் பாக்கி மளமளவென்று குறைந்தது. டிரைவ் சூடேறினால் நிறுத்தி ஆறவிட்டேன். முழு டிஸ்கையும் அப்படியே ஒரே நகலாக (இமேஜ்) எடுங்கள். ஃபைல்கள் நான்காம் பார்ட்டிஷனில் (டிஸ்கின் பிரிவு) இருக்கும், முதலாவதைத் தேடி ஏமாற வேண்டாம்.

டிரைவ் தேடுகிறவர்களுக்கு: பழைய பிரிண்டர் இணைப்பில் மாட்டுகிற பேரலல் போர்ட் மாடல் மலிவாக வரும், வாங்காதீர்கள். பிரிண்டருக்கு விற்கிற யுஎஸ்பி கேபிளில் அது ஓடாது. என்னுடைய இரண்டாவது யுஎஸ்பி டிரைவ் புனலூரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது, அடாப்டரோடு. அடுத்த முறை எர்ணாகுளம் போனால் பென்டா மேனகா எலெக்ட்ரானிக்ஸ் கடை வளாகத்திலும் விசாரிக்க வேண்டும். ரிச்சி தெருவில் நண்பர் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாவது டிஸ்கில் படங்களோடு அண்ணாச்சியின் குறிப்புகளும் இருந்தன. எந்த வண்டி, எந்தத் தேதி, எந்த வளைவில் நின்று எடுத்தது என்று வரிக்கு வரி. எல்லாம் 1999-ல் வந்த டாப் (TAB) குறியாக்க எழுத்துரு, இன்றைய கணினியில் திறந்தால் வெறும் கோழிக்கிறுக்கல். யூனிகோடுக்கு மாற்ற ஆரம்பித்து இரண்டு நாள் அதிலேயே போயிற்று. 'ஆரியங்காவு குகை வாசல், மழை' என்று முதல் வரி தெரிந்ததும் அண்ணாச்சிக்குப் போன் போட்டுவிட்டேன்.

பதினொன்றாவதின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். அதனால் பன்னிரண்டை முதலில் எடுக்கிறேன். பதினொன்றைத் தொட, போனாலும் பரவாயில்லை என்று விடக்கூடிய மூன்றாவது டிரைவ் ஒன்று கைக்கு வரட்டும்.