முதலில் பட்டா, பிறகு வீடு

பென்னாகரம் பக்கம் என் சித்தி மகளுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு எழும்பிவிட்டது. 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். கம்பி, சிமெண்ட், கொத்தனார் கூலி விற்கும் விலைக்கு அது போதவில்லை, தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. இதைச் சொல்லாமல் திட்டத்தை மட்டும் புகழ எனக்கு மனமில்லை.

ஆனாலும் அந்தக் குடும்பத்தில் நடந்திருக்கும் மாற்றம் சாதாரணமானதல்ல. முன்பு கணவன் மனைவி இருவரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள்; பிள்ளைகள் பாட்டியோடு ஓலைக் குடிசையில். மழைக்காலத்தில் பாம்பு வரும், புத்தகம் நனையும், பள்ளிக்கூடம் தானாக நின்றுபோகும். இப்போது அவள் ஊரிலேயே இருந்து மாடு வளர்க்கிறாள். பெரியவள் பத்தாம் வகுப்பு, இரவு வெகுநேரம் படிக்கிறாள். மகளிர் குழுக் கூட்டம்கூட அந்த வீட்டு வாசலில்தான். (தேநீர்ச் செலவு தன் தலையில் என்று அவளுக்குக் குறை.)

அதே தெருவில் சிலர் இன்னும் ஓலைக்கு அடியில்தான். காரணம் வறுமை மட்டுமல்ல. குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா இல்லை, அதனால் பட்டியலில் பெயர் ஏறவில்லை. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்கிறது அரசு. தலைமுறையாகப் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு மனையைக் கொடுக்காமல் அது எப்படி நடக்கும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களில் வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு போட்டு வாங்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு, பட்டா இல்லாத அந்தத் தெருக்காரர்களோடு நானும் போகிறேன்.