டூசான், அரிசோனா: மழைக்காலக் குறிப்புகள்

ஜூலை 19

அவள், அந்தப் பாம்பு, இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறாள். மெஸ்கிட் மரத்தடியில் பேக்ராட் எலி கள்ளி முள்ளையும் சுள்ளியையும் சேர்த்துக் கட்டிய குவியல், அதன் வாசலில். விடிந்ததும் வெளியே வருகிறாள், வெயில் ஏறியதும் உள்ளே போய்விடுகிறாள். வாலில் கறுப்பும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் மாறி மாறி வளையங்கள், எனவே டைமண்ட்பேக் ராட்டில்ஸ்நேக் தான், வாலை ஆட்டிச் சத்தம் போடும் விஷப்பாம்பு. மொஹாவி இனம் என்றால் வெள்ளை வளையம் அகலமாக இருக்கும். உடம்பின் பின்பாதி பருத்துக் கிடக்கிறது. இரை விழுங்கிய வீக்கம் இல்லை. இரை என்றால் ஓரிடத்தில் மட்டும் புடைத்திருக்கும்.

ஜூலை 20

போன் வரவில்லை.

ஜூலை 22

வீட்டுச் சொந்தக்காரர் பார்த்துவிட்டார். ஆள் வைத்துப் பிடித்து இருபது மைல் தள்ளிப் பாலைவனத்தில் விட்டுவிடலாம், அதற்கும் நல்லது நமக்கும் நல்லது என்கிறார். நல்ல மனிதர், கொல்லச் சொல்லவில்லை. ஆனால் இருபது மைல் தள்ளி விடுவதும் கொல்வதற்குப் பக்கத்தில்தான் வருகிறது என்பதை எப்படிச் சொல்வது? இந்தப் பாம்புக்கு இந்த ஓடைக்கரைதான் உலகம். எந்தப் பொந்து குளிராக இருக்கும், எந்தப் பாறையிடுக்கில் குளிர்காலத்தைக் கழிக்கலாம், எலி எந்த வழியாகப் போகும் என்று வருடக்கணக்கில் கற்று வைத்திருக்கிறது. பென்சில்வேனியாவில் டிம்பர் ராட்டில்ஸ்நேக்குகளை இடம் மாற்றி ரேடியோ வைத்துப் பின்தொடர்ந்தார்கள், 1999இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. புது இடத்தில் அவை அங்கேயே இருந்த பாம்புகளைவிடப் பல மடங்கு தூரம் அலைந்தன, பாதிக்கு மேல் செத்துப்போயின. அதுவும் இவள் வயிற்றுப்பிள்ளைக்காரி. சட்டத்தையும் துணைக்குக் கூப்பிட முடியாது. அரிசோனாவில் ராட்டில்ஸ்நேக் 13 இனம் உண்டு, ரிட்ஜ்நோஸ் மாதிரி சிலவற்றுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, டைமண்ட்பேக்குக்கு இல்லை.

செப்டம்பர் வரை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார்.

ஜூலை 25

மழை! மதியம் மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, கிரியோசோட் புதரின் வாசனை முதலில் வந்தது, அப்புறம் காற்று, அப்புறம் கொட்டியது. நான் ஜன்னலில் பைனாகுலரோடு. அவள் வெளியே வந்தாள். உடம்பைத் தட்டையாக விரித்து நெருக்கமாகச் சுருண்டு கிடந்தாள், மேலே தண்ணீர் தேங்கியது, தலையைத் தாழ்த்தித் தன் முதுகிலிருந்தே குடித்தாள். நிறுத்தி நிறுத்தி, வாய் மட்டும் மெல்ல அசைய. படித்திருக்கிறேன், நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அந்தச் செதில்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் இருப்பதால் மழைத்துளி வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்கிறதாம், அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2019இல் கண்டுபிடித்தது. ஓடையில் தண்ணீர் ஓடுவதே வருடத்தில் சில நாட்கள், அதுவரை என்ன செய்யும் பாவம்.

இன்று நானும் சாப்பிட்டேன். ரசம் சாதம், ஒரு தட்டு முழுக்க.

ஜூலை 26

குமட்டல். எழுத முடியவில்லை.

ஜூலை 30

பக்கத்து வீட்டுப் பெரியவரின் நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போனது, அப்போதுதான் முதன்முறையாக அவளுடைய சத்தத்தைக் கேட்டேன். நான் தினமும் பார்க்கிற தூரத்துக்கு ஒருமுறைகூட வாலை ஆட்டியதில்லை. சத்தம் போட்டால் இருக்கிற இடம் தெரிந்துவிடும், அசையாமல் கிடப்பதுதான் அவற்றின் முதல் பாதுகாப்பு. நாய் நெருங்க நெருங்க ஆட்டம் வேகமானது, பிறகு சட்டென்று ஒரே சீரான இரைச்சலாகிவிட்டது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2021இல் எழுதியது இதைத்தான். நெருங்குகிறவனுக்கு ஏற்ப நொடிக்கு 40 ஆட்டம் வரை ஏறி, திடீரென்று 60, 100 என்று தாவிவிடும். கேட்கிறவனுக்குப் பாம்பு நிஜமாக இருப்பதைவிடக் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். உள்ளே மணியோ கல்லோ எதுவும் இல்லை, நகப்பொருளால் ஆன காலி வளையங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் மட்டுமே.

நாய் திரும்பிவிட்டது. கடிக்கவில்லை. அவள் எச்சரித்தாள், அவ்வளவுதான் செய்தாள். இதை வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் காதில் நாய் மட்டும்தான் விழும்.

ஆகஸ்ட் 2, இரவு 2 மணி

தூக்கம் இல்லை. இந்த இருட்டில் அவளுக்கு என் ஜன்னலே தெரியாது, ஆனால் பொந்துக்கு வெளியே ஓடும் எலி தெரியும், சூடாக. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு குழி, அதற்குள் மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வின் நரம்புகளில் இருக்கும், சூட்டை உணரும் புரதம், நம் நாக்கில் கடுகின் காரத்தை உணர்த்துவதன் பாம்பு வடிவம். 2010இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் கண்டுபிடித்தது. எவ்வளவு சின்ன மாற்றத்தில் எவ்வளவு பெரிய திறமை!

எலியைக் கொத்திவிட்டு உடனே விட்டுவிடும், பிடித்து வைத்திருந்தால் எலி திருப்பிக் கடிக்கும். பிறகு நாக்கை நீட்டி நீட்டி மணம் பிடித்துக்கொண்டு போகும், தான் கடித்த எலி எது என்று பிரித்தறிந்து. ஆனால் இவள் இப்போது வேட்டைக்குப் போவதாகத் தெரியவில்லை. சினையாக இருப்பவை பெரும்பாலும் சாப்பிடாது, சேர்த்து வைத்த கொழுப்பில் ஓட்டும். அதனால்தான் வருடா வருடம் குட்டி போட முடிவதில்லை. அந்தக் கொழுப்பு போதுமா, போதுமா என்று இதையே யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5

அம்மா போனில். பாம்பு விஷயத்தைச் சொன்னதும் திட்டுவாள் என்று பார்த்தால், "கண்ணாடி விரியன் மாதிரியே குட்டி போடுமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அவளை ஏன் தொந்தரவு பண்றாங்க, பெத்து முடிச்சா தானா போயிருவா" என்றாள். இதைவிடத் தெளிவாக நான் யாரிடமும் கேட்டதில்லை. அப்புறம் என்னைப் பற்றிக் கேட்டாள், நன்றாக இருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 9

ரோட்ரன்னர் பறவை ஒன்று குவியலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பெரிய பாம்பை ஒன்றும் செய்யாது. குட்டி என்றால் தூக்கிவிடும்.

ஆகஸ்ட் 12

போன் வந்தது. மறுபடியும் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 16

குட்டிகள். குட்டிகள்! எத்தனை என்று சொல்ல முடியவில்லை, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன, ஏழு தலை வரை பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு பென்சிலைவிடக் கொஞ்சம் நீளம். அவள் வயிறு ஒட்டிப்போய், பக்கவாட்டில் தோல் மடிப்பு விழுந்து, ஆனால் போகவில்லை, அவற்றைச் சுற்றியே கிடக்கிறாள். முதல் தோல் உரியும் வரை ஒரு வாரம் பத்து நாள் தாய் கூடவே இருக்கும். அதற்கு முன் குட்டிகளுக்குப் பார்வை மங்கல். வால் நுனியில் ஒரு சின்ன மொட்டு மட்டும், மோதுவதற்கு இரண்டாவது வளையம் இல்லாததால் சத்தமே வராது.

அழுதேன். மருந்தால் என்று சொல்லிக்கொள்ள விருப்பமில்லை.

ஆகஸ்ட் 18

வீட்டுக்காரர் பயந்துவிட்டார். குட்டிப் பாம்புதான் அதிக ஆபத்து, அதற்கு விஷத்தை அடக்கத் தெரியாது என்கிறார். ஊரில் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், தவறு. பெரிய பாம்பின் பையில் விஷம் பல மடங்கு அதிகம், அதன் கடிதான் மோசம். அமெரிக்கா முழுக்க வருடத்துக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, இறப்பது ஐந்து பேர் அளவில், முறிவு மருந்து கிடைப்பதால். பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை, அந்தப் பக்கம் கை விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 21

பக்கத்தில் இன்னொரு பாம்பு இருந்தால் ராட்டில்ஸ்நேக்கின் இதயம் பதற்றத்தில் அவ்வளவு வேகமாக அடிப்பதில்லை. கலிபோர்னியாவில் 2023இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். இதை நூறு பேரிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

ஸ்கேன் முடிந்தது. உள்ளே படுத்திருந்தபோது இதைத்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 25

குட்டிகளின் கண் இரண்டு நாளாக நீலமாக இருந்து இன்று தெளிந்திருக்கிறது, எந்நேரமும் உரியலாம். வீட்டுக்காரர் வியாழக்கிழமை ஆளை வரச் சொல்லிவிட்டாராம், முன்பணமும் கொடுத்தாயிற்று. புதன்கிழமைக்குள் உரிந்தால் தாமாகவே கலைந்துவிடும், அவளும் முதல் இரையைத் தேடிப் போய்விடுவாள். நாளை எனக்கு ஊசி நாள், வீட்டிலேயே இருக்க மாட்டேன். பெரியவரிடம் பைனாகுலரைக் கொடுத்து, ரோட்ரன்னர் வந்தால் தூரத்திலிருந்து கை தட்டச் சொல்லி, தோல் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்து எனக்கு மெசேஜ் அனுப்பக் கேட்க வேண்டும்.