வெண்ணாற்றுப் பாலம்

அம்மாவுக்குப் புற்றுநோய். சிஸ்பிளாட்டின் என்ற மருந்தில் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போய் ஏற்றிக்கொண்டு வருவோம். முதல் தடவை அன்று வாந்தியே இல்லை. ராத்திரி ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினாங்க?” என்று சிரித்தார். வாந்தி வராமலிருக்கக் கொடுத்தனுப்பிய மாத்திரைகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவிட்டார். வந்தால் போட்டுக்கொள்ளலாமாம். அதிலும் அப்ரெபிடன்ட் கேப்சூலின் விலையைக் கேட்டதிலிருந்து அதைத் தொடவே மனசில்லை. நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பிடித்தது. நீராகாரம் கூட நிற்கவில்லை, வெறும் பித்தமாக வந்தது. அப்போது போய் மாத்திரையைக் கொடுத்தால் அதுவும் முழுசாகக் குவளையில் கிடந்தது. கடைசியில் டிரிப்ஸ் ஏற்றித்தான் அடங்கியது.

அடுத்த தடவை நர்ஸம்மாவிடம் நல்ல திட்டு. “மடை உடைஞ்சப்புறம் மம்பட்டி தேடுவீங்களா?” என்றவர், பொறுமையாக விளக்கவும் செய்தார். மருந்து ஏறிய முதல் நாள், குடல் செல்கள் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. அது வேகஸ் நரம்பைச் சுண்ட, சேதி மூளைக்குப் போகிறது. ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மறிப்பது அந்த வழியை. இரண்டாம் நாளுக்கு மேல் வருவது வேறு ஆட்டம். அதில் மூளையில் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற பொருளுக்குத்தான் பெரிய பங்கு. 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சம். அதற்குத்தான் அந்த விலை கூடின கேப்சூல்.

அப்பா ஒருமுறை வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்தது நினைவுக்கு வந்தது. அதையும் மருந்து என்றுதான் சொல்கிறோம். உடம்பைக் கேட்டால் இரண்டும் நஞ்சு.

அப்புறம் தினசரி காலண்டர் தாளிலேயே எழுதி வைத்தேன். அப்ரெபிடன்ட் முதல் நாள் 125 மி.கி., மருந்து ஏற்ற ஒரு மணி நேரம் முன்பு; அடுத்த இரண்டு நாளும் 80. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நான்காம் நாள் வரை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். படுக்கும்போது ஓலன்சபின். அதை வாங்கப் போனபோது மருந்துக்கடைப் பையன் குரலைத் தாழ்த்தி, “யாருக்குக்கா?” என்றான். மனநோய்க்குக் கொடுப்பதுதான், குமட்டலுக்கும் கேட்கிறது. ஆனால் மறுநாள் மதியம் வரை அம்மா தள்ளாடினார். டாக்டரிடம் சொன்னதும் அளவைக் குறைத்தார், குமட்டல் கூடவில்லை. ஒண்டான்செட்ரான் மலத்தைக் கட்டும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஒரு சிரப்.

இதையெல்லாம் சரிக்கட்டிய பிறகு, நான்காவது தடவை போகும்போதே பஸ்ஸில் ஓங்கரித்தார். வழியில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று வரிசையாக ஐந்து ஆறு. வெட்டாறு வரை ஒன்றுமில்லை. வெண்ணாற்றுப் பாலம் ஏறியதும் முந்தானையைப் பொத்திக்கொண்டு ஜன்னலில் சாய்ந்துவிட்டார். இன்னும் ஒரு சொட்டு மருந்து ஏறவில்லை! முன்பு பட்டதை மனசு நினைத்துக்கொண்டு முந்திக்கொள்கிறதாம். அதற்கு ஒண்டான்செட்ரான் சரியாகக் கேட்காது என்று, முந்தின ராத்திரியும் புறப்படும் காலையும் போட, பதற்றத்தைத் தணிக்கும் லோராசெபம் மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

கடைசித் தடவை என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியபடியே கேட்டார்: “வெண்ணாறு வந்துடுச்சாடி?”

பஸ் அப்போது வடவாற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது.