கோட்டைத் தொடரும் வண்டியிலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை

ரோபாட்டிக்ஸையும் செயற்கை நுண்ணறிவையும் செய்முறையாகக் கற்பிக்கும்போது எதை முதலில் வைப்பது என்பதில் ஆசிரியர்களிடையே இருவேறு போக்குகள் உள்ளன. கேமராவையும், தரவிலிருந்து ஏற்கெனவே கற்றுமுடித்த நிரலான ஆயத்த மாடல் ஒன்றையும் முதல் வகுப்பிலேயே கொடுத்துவிட்டால் மாணவர்களின் ஆர்வம் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பது ஒரு கட்சி. நான் மறுகட்சி. விதிகளைத் தாமே எழுதி, அவை எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதையும் தாமே கண்ட மாணவருக்குத்தான் தரவிலிருந்து கற்கும் நிரல் எதற்காகத் தேவைப்படுகிறது என்பது விளங்கும் என்பது, பல குழுக்களோடு வேலை செய்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. அதனால் என் வகுப்புகள் கறுப்புக் கோட்டைத் தொடர்ந்து செல்லும் சிறிய வண்டியில் தொடங்குகின்றன.

அந்த வண்டியை எளிதென்று கருதிக் கடந்துவிடுகிறவர்கள் அதிகம். இரண்டு மோட்டார்கள், தரையைப் பார்த்த இரண்டு அகச்சிவப்பு சென்சார்கள் (கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தரையில் வீசி, திரும்பி வருவதை அளப்பவை), ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, அதன் கட்டளைப்படி மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் ஒரு மோட்டார் டிரைவர், ஒரு பேட்டரிப் பெட்டி என்று பாகங்கள் கொஞ்சம்தான். இணையத்தில் கிடைக்கும் நிரலை ஏற்றினால் முதல் வகுப்பு முடிவதற்குள் ஓடியும் விடும். அப்படி ஓடிவிட்டால் அதில் கற்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே மோட்டாரைத் தொடுவதற்கு முன்பே சென்சாரை மட்டும் இணைத்து, அது தரும் எண்களைத் திரையில் பார்த்து நோட்டில் எழுதச் சொல்வேன். ஆர்டுயினோ ஊனோ பலகையின் அனலாக் பின் (சென்சாரின் கம்பி சேரும் முனை), 0 முதல் 5 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக மாற்றித் தருகிறது. வெள்ளைத் தாளின் மேல், கறுப்புப் பட்டையின் மேல், இரண்டும் சந்திக்கும் விளிம்பில், சன்னலோரத்தில், மேசைக்கு அடியில், சென்சாரைச் சற்றே உயர்த்திப் பிடித்து என ஒவ்வொரு நிலையிலும் பத்துப் பத்து அளவுகள் எடுத்து முடிப்பதற்குள், பாடத்தில் நான் சொல்லவேண்டியவற்றில் பாதியை அட்டவணையே சொல்லிவிடும். சென்சார் அசையாமல் இருந்தாலும் எண் அசைகிறது. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு சென்சார்கள் ஒரே தாளுக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை. (கறுப்பின் மேல் எண் ஏறுமா இறங்குமா என்பது சென்சார் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை நான் முன்கூட்டிச் சொல்வதில்லை.)

அடுத்து, எந்த எண்ணைத் தாண்டினால் கறுப்பு என்று கொள்வது என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலானோர் இரு சராசரிகளுக்கும் நடுப்புள்ளியை எடுப்பார்கள். ஒரு குழு எடுத்த எண் இன்னொரு குழுவின் வண்டிக்குப் பொருந்தாது. காலையில் சரியாக ஓடிய வண்டி, தரையில் வெயில் விழும் வேளையில் தடுமாறும், ஏனெனில் சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர்கள் உள்ளன. இங்கே மாணவர்கள் கண்டுபிடிக்கும் தீர்வுகள் ஒருவகைப்பட்டவை அல்ல. சிலர் சென்சாரைச் சுற்றிக் கறுப்புத் தாளால் கூண்டு கட்டுவார்கள். சிலர் சென்சாரின் விளக்கை அணைத்து ஓர் அளவும் ஏற்றி ஓர் அளவும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். இன்னும் சிலர், புறப்படுவதற்கு முன் வண்டியைக் கோட்டின் குறுக்கே இடமும் வலமும் திரும்ப வைத்து, அது கண்ட மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் குறித்துக்கொண்டு, நடு எல்லையை அதுவே கணக்கிடும்படி எழுதுவார்கள். மூன்றாவது தீர்வில் எல்லை எண்ணை நிரலில் மனிதர் எழுதவில்லை. வண்டி தான் பார்த்தவற்றிலிருந்து பெற்றுக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரை அந்த வகுப்பில் நான் உச்சரிப்பதில்லை என்றாலும், அதற்கான வாசல் அங்கேதான் திறக்கிறது.

வண்டியை ஓட்டத் தொடங்கியதும் இன்னொரு பாடம் வருகிறது. கோட்டை விட்டு இடப்புறம் விலகினால் வலப்பக்கம் திரும்பு, வலப்புறம் விலகினால் இடப்பக்கம் திரும்பு என்று மட்டும் எழுதப்பட்ட வண்டி, கோட்டின் இருபுறமும் அலைந்துகொண்டே போகும். எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்கேற்பத் திருப்பும்படி ஒரு மாறிலியால் பெருக்கினால் அலைச்சல் குறையும். அந்த மாறிலியைக் கூட்டினால் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும், மேலும் கூட்டினால் பழைய அலைச்சல் திரும்பி வரும். விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்தால்தான் அது அடங்கும். விலகலை அளந்து அதற்கேற்பத் திருத்தும், ஆலைகளில் பரவலாகப் பயன்படும் பிஐடி கட்டுப்பாட்டின் மூன்று உறுப்புகளில் இரண்டை இப்படிக் கைப்படத் தெரிந்துகொண்டவருக்குப் பிற்பாடு வகைக்கெழுப் பாடம் அந்நியமாக இருப்பதில்லை.

மிகக் குறைந்த பாகங்களைக் கொண்டு இவ்வளவு கற்க முடியும் என்பது புதிய செய்தி அன்று. நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்டர் 1948க்கும் 1949க்கும் இடையில் பிரிஸ்டலில் உருவாக்கிய ஆமை ரோபோக்களுக்கு மூளையாக இருந்தவை இரண்டு வெற்றிடக் குழாய்கள்தாம். ஆனாலும் அவை வெளிச்சத்தைத் தேடிச் சென்றன, தடை வந்தால் விலகின. வாலன்டினோ பிரைட்டன்பெர்க் 1984இல் விவரித்த கற்பனை வண்டிகள் அதைவிட எளியவை. இரண்டு ஒளி சென்சார்களை அந்தந்தப் பக்கத்து மோட்டாரோடு இணைத்தால் வண்டி வெளிச்சத்தைவிட்டு ஓடும், கம்பிகளைக் குறுக்காக மாற்றி இணைத்தால் வெளிச்சத்தை நோக்கிப் பாயும். நிரலில் இரண்டு மாறிகளை இடம் மாற்றி இதைச் செய்து காட்டிவிட்டு, வண்டி பயப்படுகிறதா, கோபப்படுகிறதா என்று கேட்டால் வகுப்பில் நடக்கும் விவாதத்தை நான் மிகவும் விரும்புகிறேன். இயந்திரத்துக்கு எண்ணம் உண்டு என்று நாம் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம் என்பதை, பேசும் மென்பொருள்களோடு வளரும் தலைமுறை இவ்வளவு சிறிய வண்டியிலேயே பார்த்துவிடுவது நல்லது.

பழுதுகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பழுது வந்தால்தான் மாணவர் கற்பார் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தளர்ந்த ஜம்பர் கம்பியையும் உள்ளே முறிந்த கேபிளையும் தேடி ஒரு பிற்பகல் முழுவதும் வீணாவதால் எவரும் எதையும் கற்பதில்லை. அத்தகைய பழுதுகளை வகுப்புக்கு முன்பே களைவது ஆசிரியரின் வேலை. மோட்டார் புறப்படும் நொடியில் இழுக்கும் மிகை மின்னோட்டத்தால் மின்னழுத்தம் சரிந்து பலகை மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது, இரண்டு பேட்டரிகளின் கிரவுண்டும் (எதிர்முனை) ஒன்றாக இணைக்கப்படாததால் சமிக்ஞை சேராமல் போவது, ஒரே மாதிரியான இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் சுழலாமல் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து போவது ஆகியவை வேறு வகை. இவற்றுக்குக் காரணம் உண்டு. அளந்தால் அது தெரியும். இவற்றை நான் அப்படியே விட்டுவைத்து, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் மல்டிமீட்டரை மட்டும் கொடுக்கிறேன்.

கற்கும் நிரலுக்கு வர, கையசைவைக் கண்டறியும் திட்டம் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகையில், அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி உள்ளது. அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, கையாட்டுதல், வட்டமிடுதல், உதறுதல் என்ற மூன்று அசைவுகளைப் பிரித்தறியும் விதிகளை எழுதச் சொல்வேன். உச்ச மதிப்பு இவ்வளவுக்கு மேல் போனால் உதறல், இல்லாவிட்டால் கையாட்டல் என்ற வகையில் எழுதப்பட்ட விதிகள் எழுதியவரின் கைக்கு ஓரளவு வேலை செய்யும். பக்கத்தில் இருப்பவர் கட்டிக்கொண்டால் குழம்பும். விதியைத் திருத்தினால் முதலாமவருக்குக் குழம்பும். நிபந்தனைக்குள் நிபந்தனையாக நிரல் நீண்டு, எழுதியவருக்கே புரியாமல் போகும் வரை நான் குறுக்கிடுவதில்லை.

அதன் பிறகு கணினியை மூடிவைத்துவிட்டு வரைபடத் தாளை எடுக்கிறோம். ஒவ்வோர் அசைவிலிருந்தும் இரண்டு எண்களை மட்டும் எடுக்கிறோம்: உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாடு ஒன்று, திசை எத்தனை முறை மாறியது என்பது மற்றொன்று. ஓர் அசைவு தாளில் ஒரு புள்ளி ஆகிறது, அசைவின் வகைக்கு ஒரு நிறம். புதிய அசைவு ஒன்றுக்குப் புள்ளி வைத்து, அளவுகோலால் மிக அருகிலுள்ள மூன்று புள்ளிகளைக் கண்டு, அவற்றில் எந்த நிறம் அதிகமோ அதையே விடையாகக் கொள்கிறோம். 1951இல் ஃபிக்ஸ், ஹாட்ஜஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் முன்வைத்த அண்மைப் புள்ளி முறை இதுதான். இன்றும் பல இயந்திரக் கற்றல் பாடங்களில் இடம்பெறுகிறது. தாளில் செய்வதால் ஒரு நன்மை உண்டு. ஒரு குழு கிடை அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 100 என்றும் இன்னொரு குழு 500 என்றும் அளவு எடுத்திருக்கும். அதே தரவுக்கு, அதே புதிய புள்ளிக்கு, அருகிலுள்ள புள்ளிகள் இரு தாள்களிலும் வேறுவேறாக வரும். எந்த அளவைச் சரியென்று கொள்வது என்று அவர்கள் சண்டையிடும்போது, தரவை ஒரே வீச்சுக்குள் கொண்டுவருவது ஏன் என்று தனியாக விரிவுரை செய்யவேண்டிய தேவை எழுவதில்லை. ஆயத்தமான மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் இந்தச் சண்டை நடக்காமலே போயிருக்கும்.

சோதனைக்கான தரவை எப்படிப் பிரிப்பது என்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். எல்லோருடைய அசைவுகளையும் கலந்து சிலவற்றை ஒதுக்கிவைத்துச் சோதித்தால் விடைகள் பெரும்பாலும் சரியாக வரும். ஒருவருடைய அசைவுகள் முழுவதையும், நிரல் கற்பதற்கான பயிற்சித் தரவிலிருந்து விலக்கி, அவற்றை வைத்தே சோதித்தால் அந்தப் பெருமை சட்டென்று வடிந்துவிடும். இந்த இரண்டாவது எண்ணைத்தான் அறிக்கையில் எழுதவேண்டும் என்பது என் வகுப்பில் விதி. கேமராவுக்கு நாங்கள் வருவது இதற்குப் பிறகே. பொருள்களை ஒரே மேசைமேல் வைத்துப் படமெடுத்த குழுவின் மாடல், பொருளை அறிந்ததா, மேசையை அறிந்ததா என்று பார்க்க மேசைவிரிப்பை மாற்றினால் போதும். ஓநாயையும் ஹஸ்கி நாயையும் பிரித்தறிவதாகத் தோன்றும் ஒரு மாடல், உண்மையில் படத்தின் பின்னணியில் பனி இருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பதை, வேண்டுமென்றே அப்படிப் பயிற்றுவித்து 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ரூவும் வெளியிட்ட ஆய்வில், விற்பனையில் இருந்த முக ஆய்வு மென்பொருள்கள் ஒருவரின் பாலினத்தைக் கணிப்பதில் செய்த பிழை வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதமாகவும், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரையிலும் இருந்தது. தன் கையசைவு பயிற்சித் தரவில் இல்லாததால் தன்னை மட்டும் மதிக்காத கருவியை மணிக்கட்டில் கட்டிப் பார்த்த மாணவி, அந்த எண்களைப் பொதுவான நீதிபோதனையாகப் படிப்பதில்லை.

உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் நிரலை எழுதி வாங்கலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். தடுப்பதில் பயனில்லை, வாங்கட்டும். ஆனால் வண்டியைத் தரையில் வைப்பதற்கு முன், நான் காட்டும் ஓர் எண்ணை இரட்டிப்பாக்கினால் வண்டி என்ன செய்யும் என்று அவர்கள் எழுதித் தரவேண்டும். கணிப்பு தவறினால் மதிப்பெண் குறையாது, கணிப்பே எழுதாமல் ஓடவிட்டால் குறையும். போட்டிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 1997இல் தொடங்கிய, ரோபோக்கள் கால்பந்தாடும் ரோபோகப் போன்ற பெரும் போட்டிகள் ஆராய்ச்சியை உந்தியிருக்கின்றன என்பது உண்மையே. பள்ளி அளவிலோ, கடந்த ஆண்டு வென்ற வடிவத்தை இந்த ஆண்டு எல்லோரும் பார்த்துச் செய்வதைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

கடைசித் திட்டத்தில் இரண்டு வேலைகளும் சேர்கின்றன: கையசைவால் வண்டியை ஓட்டவேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, நிரலுக்கு நிச்சயமில்லாத ஓர் அசைவு வந்தால் என்ன செய்வது என்பதைக் குழுவே முடிவுசெய்து, காரணத்தோடு எழுதித் தரவேண்டும். உடனே நின்றுவிட வேண்டும் என்று சில குழுக்கள் எழுதும். முந்தைய கட்டளையைத் தொடரலாம் என்று எழுதும் குழுக்களும் உண்டு, ஏனெனில் ஒவ்வோர் ஐயத்துக்கும் நிற்கும் வண்டி எங்கும் போய்ச் சேராது. இரு வகை வண்டிகளையும் ஒரே பாதையில், நடுவில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து ஓட்டிப் பார்க்கிறோம். பெட்டியில் மோதிய தடவைகளையும் போய்ச் சேர எடுத்த நேரத்தையும் ஒரே அட்டவணையில் எழுதிய பிறகு, முதலில் எழுதிய முடிவை மாற்றிக்கொள்ளும் குழுக்கள் இரு பக்கமும் இருக்கின்றன.