ரியோ டைரி: எங்கள் பக்கத்து ஆள்

செப்டம்பர் 8, 2016

பாராலிம்பிக்ஸ் ஆரம்பித்துவிட்டது. எனக்கு நீச்சல்தான் முக்கியம். அதிலும் சாஷா கிண்ட்ரெட். பிரிட்டன்காரர், 38 வயது. 1996 அட்லாண்டாவில் தொடங்கி இது ஆறாவது பாராலிம்பிக்ஸ். பெருமூளை வாதம், வலது பக்கம் பாதிப்பு. எனக்கும் அதே பக்கம்தான் என்பதால் பாரபட்சம் உண்டு.

செப்டம்பர் 10

காலையிலிருந்து வாட்ஸ்அப் முழுக்க மாரியப்பன். உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம்! சேலத்துப் பையன். நீச்சலைப் பற்றி இன்று யாரிடமும் வாய் திறக்க முடியாது. சரி, நியாயம்தான்.

செப்டம்பர் 11

"எஸ்எம்6னா என்னக்கா?" என்றான் தம்பி. கிண்ட்ரெட் நீந்தும் பிரிவு அது. எஸ்எம் என்றால் தனிநபர் மெட்லி, ஒரே ஆள் நான்கு வகை நீச்சலையும் அடுத்தடுத்து நீந்துவது. உடல் குறைபாட்டுக்கு 1 முதல் 10 வரை பிரிவுகள். எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம். நோயின் பெயரைப் பார்த்துப் பிரிப்பதில்லை, தண்ணீரில் உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அதனால் உயரம் குறைந்தவரும் வாதம் உள்ளவரும் பக்கத்துப் பக்கத்து லேனில் நீந்துவார்கள்.

வாதத்தை அளப்பது லேசில்லை என்பது என் கட்சி. குளிர்ந்தாலோ பதறினாலோ தசை இறுகிவிடும். காலையில் விரிந்த விரல் சாயங்காலம் மடங்கிக்கொள்ளும். எனக்கு வலது கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவும். இடது கை இழுக்கிற இழுப்பில் உடம்பு வலப்பக்கம் ஓடி லேன் கயிற்றில் முட்டும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (மார்பு நீச்சல்) இன்னும் மோசம்: இரண்டு கையும் ஒன்றாக, இரண்டு காலும் ஒன்றாக அசைய வேண்டும். கிண்ட்ரெட் அதில்தான் சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங் மூன்றிலும் 100 மீட்டர் தங்கம் வாங்கியிருக்கிறார்! எப்படி என்று பழைய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

செப்டம்பர் 13

விடிகாலையில் முழித்ததற்குப் பலன் உண்டு. 200 மீட்டர் மெட்லியில் கிண்ட்ரெட் தங்கம். 2 நிமிடம் 38.47 விநாடி, உலக சாதனை. 2012 லண்டனில் வெள்ளியோடு நின்ற அதே போட்டி. பாராலிம்பிக் பதக்கம் மொத்தம் 13, அதில் தங்கம் 7. அதே இரவில் பெண்கள் எஸ்எம்6இல் இன்னொரு பிரிட்டன்காரர் எல்லி சிம்மண்ட்ஸ் 2:59.81, அந்தப் பிரிவில் மூன்று நிமிடத்துக்குள் வந்த முதல் பெண்.

இனி "ஊனத்தை வென்றார்" என்று எழுதுவார்கள். வாதம் அப்படியேதான் இருக்கிறது. அவர் வென்றது கூட நீந்திய ஏழு பேரை.

அவர் மனைவி நைரியும் வாதம் உள்ள நீச்சல் வீராங்கனை, பாராலிம்பிக் தங்கம் வென்றவர் என்று அம்மாவிடம் சொன்னேன். உலக சாதனைக்கு அசையாத அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேருக்குமா? வீட்ல எப்படிச் சம்மதிச்சாங்களாம்?"