லேப்டாப்புக்குள்ள ஒரு வெப் சர்வர்: மூணு ராத்திரி எங்க போச்சுன்னு சொல்றேன்

நேத்து ராத்திரி ஒரு மணிக்குத்தான் என் பக்கம் பிரவுசர்ல திறந்துச்சு. விண்டோஸ் லேப்டாப்புல வர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர், அதாவது விர்ச்சுவல் மெஷின், ஓட்டற புரோகிராம்), அதுக்குள்ள உபுண்டு சர்வர் 22.04ங்கற லினக்ஸ், அதுக்கு மேல பிரவுசருக்கு பக்கத்த அனுப்பற அப்பாச்சிங்கற வெப் சர்வர், அவ்ளோதான் விஷயம். அரை மணி நேர வேலைன்னு ஒரு வீடியோவுல சொன்னத நம்பி உக்காந்தேன், மூணு ராத்திரி ஆச்சு. சர்வர் இன்ஸ்டால் பண்றது உண்மையிலேயே அரை மணி நேரம்தான், அதுல குறையே இல்ல. மத்த நேரமெல்லாம் அதைச் சுத்தி இருக்கற விஷயத்துலதான் போச்சு, அதப்பத்தி அந்த வீடியோவுல ஒரு வார்த்தை இல்ல. அதனாலதான் எழுதறேன், இன்னொருத்தருக்காவது தூக்கம் மிஞ்சட்டும்.

மொத அடி ஆரம்பத்துலயே. விர்ச்சுவல் மெஷின ஸ்டார்ட் பண்ணா விடி-எக்ஸ் டிசேபிள்டுன்னு எர்ரர். பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற, லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) விர்ச்சுவலைசேஷன், அதாவது விர்ச்சுவல் மெஷின ஓட்ட ப்ராசஸர் குடுக்கற வசதி, ஆஃப்ல இருக்குன்னு அர்த்தம். இத முன்னாடியே பாத்துக்கலாம், டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல சிபியு, கீழ விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டா இல்லையான்னு போட்டிருக்கும். எனக்கு அப்போ தெரியாது. பயாஸுக்குள்ள போக எஃப்2 அமுக்கறேன் அமுக்கறேன், லேப்டாப் அவ்ளோ வேகமா பூட் ஆகுது, ஒரு தடவை கூட பிடிபடல. கடைசியில விண்டோஸ் செட்டிங்ஸ்ல ரெகவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் வழியா யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸுக்கு போனேன், அந்த வழி நிச்சயமா வேலை செய்யுது, கீய அமுக்கிட்டு உக்கார வேணாம். ஆனா இங்க ஒரு எச்சரிக்கை, தயவுசெஞ்சு கவனிங்க: டிஸ்க்க பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஓடிட்டு இருந்தா பயாஸ்ல கைய வச்சதுக்கு அப்புறம் அடுத்த பூட்ல 48 இலக்க ரெகவரி கீ கேக்கலாம். எனக்கு கேட்டுச்சு. கீ எங்க இருக்குன்னு தெரியாம நீலத் திரைய பாத்துட்டு உக்காந்த அந்த பத்து நிமிஷம் வயித்த கலக்கிடுச்சு, அப்புறம் போன்ல என் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்குள்ள போய் தேடி எடுத்தேன். கீய மொதல்ல ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு பயாஸுக்கு போங்க.

சரி, ஆன் பண்ணியாச்சு, மெஷின் ஓடுது, ஆனா ஆமை மாதிரி ஓடுது. உவமைக்கு சொல்லல, வர்ச்சுவல்பாக்ஸ் விண்டோவோட கீழ் வரிசையில நிஜமாவே ஒரு பச்சை ஆமை ஐகான் இருந்துச்சு. அது என்னன்னு தேடிப் பாத்தா, விண்டோஸோட சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி ஏற்கனவே ப்ராசஸர பிடிச்சு வச்சிருக்கு, வர்ச்சுவல்பாக்ஸ் அதுக்கு மேல உக்காந்து ஓட வேண்டியிருக்கு, அதுதான் மெதுவு. ஹைப்பர்-விய நான் ஆன் பண்ணவே இல்லையேன்னு யோசிச்சேன். டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டற வசதி) போட்டிருந்தாலோ, கோர் ஐசொலேஷன்ல மெமரி இன்டெக்ரிட்டி ஆன்ல இருந்தாலோ அதுவா உள்ள வந்துடும். நான் டபிள்யூஎஸ்எல்ல பயன்படுத்தறதே இல்ல, அதனால விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் எடுத்துட்டேன், ஆமை போச்சு. மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, வேகத்துக்காக அத மட்டும் யோசிக்காம ஆஃப் பண்ணிடாதீங்க, ஒரு சின்ன வெப் சர்வருக்கு ஆமை வேகமே போதும்.

உபுண்டு இன்ஸ்டால், ஓப்பன்எஸ்எஸ்எச் (வெளியில இருந்து மெஷினுக்குள்ள போய் கமாண்ட் அடிக்க), அப்பாச்சி, எல்லாம் ஒரே ஓட்டத்துல முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு, டிஸ்க் 25 ஜிபி குடுத்திருந்தேன், உள்ள போய் பாத்தா பாதிதான் காட்டுது. இன்ஸ்டாலர் எல்விஎம்னு டிஸ்க்க பிரிச்சு வைக்கற முறைய போட்டுட்டு மீதிய சும்மா விட்டு வச்சிருக்கு, இன்ஸ்டால் பண்ணும்போதே ஸ்டோரேஜ் பக்கத்துல அந்த அளவ எடிட் பண்ணி முழுசா குடுத்துட்டா பின்னாடி வேலை இல்ல.

இப்போ ரெண்டாவது ராத்திரி. நெட்வொர்க். என்ன ரொம்ப அலைக்கழிச்சது இதுதான்.

விர்ச்சுவல் மெஷினுக்குள்ள ஐபி (நெட்வொர்க்ல அதோட அட்ரஸ்) பாத்தேன், 10.0.2.15. லேப்டாப் பிரவுசர்ல அத அடிச்சேன், சுத்துது சுத்துது, டைம் அவுட். உள்ள இருந்து இன்டர்நெட் நல்லா போகுது, அப்டேட் எல்லாம் இறங்குது, வெளியில இருந்து மட்டும் உள்ள போக முடியல. அப்பாச்சியில ஏதோ தப்புன்னு நெனச்சு அத அன்இன்ஸ்டால் பண்ணி திரும்பப் போட்டேன், ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அப்பாச்சி மேல ஒரு தப்பும் இல்ல. வர்ச்சுவல்பாக்ஸ் எடுத்த உடனே குடுக்கறது நேட் (NAT)ங்கற நெட்வொர்க் முறை, அதுல மெஷின் வெளிய போகலாம், வெளியில இருந்து யாரும் உள்ள வர முடியாது, அந்த 10.0.2.15 லேப்டாப்புக்கே தெரியாத அட்ரஸ். ஒரு வழி போர்ட் ஃபார்வர்டிங், லேப்டாப்போட 8080 போர்ட்டுக்கு (போர்ட்னா ஒரு அட்ரஸ்ல இருக்கற கதவு நம்பர் மாதிரி) வர்றத உள்ள 80க்கு தள்ளிவிடுன்னு ஒரு ரூல் போடணும். போட்டேன், வேலை செஞ்சுது, ஆனா எல்லா அட்ரஸ்லயும் 8080ன்னு வால் தொங்கறது எனக்கு பிடிக்கல, நிஜ சர்வர் மாதிரி இருக்கணும்னு ஆசை.

அடுத்து பிரிட்ஜ்டு, மெஷின் நேரா வைஃபை நெட்வொர்க்லயே சேர்ற முறை. மெஷினுக்கு ரவுட்டரே ஒரு ஐபி குடுத்துச்சு, உடனே பக்கம் திறந்துச்சு, சந்தோஷத்துல படுத்துட்டேன். மறுநாள் லேப்டாப்ப வெளியில எடுத்துட்டு போய் வேற வைஃபைல காட்டலாம்னு திறந்தா ஒண்ணுமே இல்ல. ஐபி மாறிடுச்சு, அது கூட பரவாயில்ல, அந்த வைஃபைல புது மெஷினுக்கு ஐபியே கிடைக்கல. எதிர்ல ஆள உக்கார வச்சுட்டு நான் செட்டிங்ஸ நோண்டிட்டு இருந்தேன், அந்தப் பயணமே வீண். லேப்டாப்புக்குள்ளயே இருக்கற சர்வருக்கு வெளியில இருக்கற ரவுட்டரோட தயவு எதுக்குன்னு அப்போதான் உறைச்சுது.

எனக்கு சரியா வந்த வழி ரெண்டு அடாப்டர், அதாவது மெஷினுக்கு ரெண்டு நெட்வொர்க் கார்டு. மொதல்ல இருக்கற நேட் அப்படியே இருக்கட்டும், அது இன்டர்நெட்டுக்கு. ரெண்டாவதா ஹோஸ்ட்-ஒன்லி ஒண்ணு சேருங்க, அது லேப்டாப்புக்கும் மெஷினுக்கும் நடுவுல மட்டும் ஓடற தனி வயர் மாதிரி. வழக்கமா லேப்டாப் பக்கம் 192.168.56.1 இருக்கும், நான் மெஷினுக்கு 192.168.56.10ன்னு நிலையா ஒண்ணு குடுத்துட்டேன். எந்த வைஃபைல இருந்தாலும், வைஃபையே இல்லன்னாலும் இந்த அட்ரஸ் மாறாது.

ஆனா அடாப்டர சேத்த உடனே அது உள்ள உயிரோட வராது, அங்கயும் ஒரு மணி நேரம் போச்சு. இன்ஸ்டால் பண்ணப்போ ஒரு கார்டுதான் இருந்துச்சு, அதனால நெட்ப்ளான் (உபுண்டுவோட நெட்வொர்க் செட்டிங்) ஃபைல்ல அது ஒண்ணுதான் இருக்கும், ரெண்டாவத நாமதான் எழுதணும். அந்த ஃபைல் யாம்ல்ங்கற எழுத்து முறையில இருக்கு, டேப் கீ அமுக்கினா ஒத்துக்காது, ஸ்பேஸ்தான், அதுவும் மேல இருக்கற கார்டு எத்தனை ஸ்பேஸ் தள்ளி இருக்கோ அதே அளவு. நான் செஞ்ச பெரிய தப்பு, ரெண்டாவது கார்டுக்கும் கேட்வே (வெளிய போற வழி) வரி போட்டது. போட்டதும் பக்கம் திறக்குது ஆனா இன்டர்நெட் செத்துப்போச்சு, ஏன்னா வெளிய போக வேண்டியதெல்லாம் வெளிய வழியே இல்லாத அந்த ஹோஸ்ட்-ஒன்லி பக்கம் போய் முட்டி நிக்குது. ஹோஸ்ட்-ஒன்லிக்கு ஐபி மட்டும் போதும், கேட்வே வேணாம், டிஎன்எஸ் (பேர ஐபியா மாத்தித் தர்றது) வேணாம். இன்னொண்ணு, நெட்ப்ளான்ல அப்ளைக்கு பதிலா ட்ரை போடுங்க, புது செட்டிங்க போட்டுட்டு 120 செகண்டுக்குள்ள நீங்க என்டர் அமுக்கலன்னா பழையபடியே மாத்திடும், எஸ்எஸ்எச்ல இருந்து வேலை பாக்கறப்போ வெளியில மாட்டிக்க மாட்டீங்க.

அதோட எர்ரர படிக்கக் கத்துக்கிட்டேன், இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு ராத்திரி மிஞ்சியிருக்கும். டைம் அவுட்னா நம்ம கேள்வி மெஷின போய்ச் சேரவே இல்ல, இல்லன்னா ஃபயர்வால் சத்தமில்லாம முழுங்கிடுச்சு (உபுண்டுவோட ஃபயர்வால் யூஎஃப்டபிள்யூவ ஆன் பண்ணிட்டு 80 போர்ட்ட திறக்க மறந்தா இப்படித்தான் வரும், நானும் மறந்தேன்). கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னா பெரும்பாலும் மெஷின் வரைக்கும் போயாச்சு, அந்த போர்ட்ல பதில் சொல்ல ஆள் இல்ல, அதாவது அப்பாச்சி ஓடல. 403ஓ (அனுமதி இல்ல) 404ஓ (பக்கம் இல்ல) வந்தா அப்பாச்சியே பேசுதுன்னு அர்த்தம், நெட்வொர்க்க விட்டுட்டு உள்ள பாருங்க. சந்தேகம் வந்தா மொதல்ல மெஷினுக்குள்ளயே கர்ல்ங்கற கமாண்ட்ல லோக்கல்ஹோஸ்ட்ட (அதாவது அந்த மெஷினையே) கேளுங்க, அங்க பதில் வந்தா அப்பாச்சி நல்லாத்தான் இருக்கு, அடுத்து லேப்டாப்ல இருந்து ஐபிய அடிங்க, அதுவும் வந்த பிறகுதான் பேர வச்சு அடிக்கணும். நான் தலைகீழா, எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திட்டு எது காரணம்னு தெரியாம முழிச்சேன்.

மூணாவது ராத்திரி 403 ஃபர்பிடன். சைட்டோட ஃபைல் எல்லாம் என் ஹோம் ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருந்தேன், விர்ச்சுவல் ஹோஸ்ட் ஃபைல்ல (ஒரு சைட்டுக்கான அப்பாச்சி செட்டிங்) டாக்குமென்ட் ரூட்ட, அதாவது சைட் ஃபைல் இருக்கற இடத்த, அங்க காட்டினேன், எல்லாரையும் உள்ள விடற ரிக்வயர் ஆல் கிராண்டட் வரியையும் போட்டேன் (2.4 வெர்ஷன்ல இருந்து இது கட்டாயம், பழைய பாடங்கள்ல ஆர்டர் அலவ் டினைன்னு இருந்தா அது 2.2 காலத்து எழுத்து, காப்பி பண்ணாதீங்க). அப்படியும் 403. எங்கயோ படிச்சு அந்த ஃபோல்டருக்கு 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) குடுத்தேன், அப்படியும் 403. 777 குடுங்கன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, அது பாதுகாப்பையும் கெடுக்கும், இங்க பிரயோஜனமும் இல்ல. கடைசியில அப்பாச்சியோட எர்ரர் லாக்க திறந்தேன், பாதையில ஏதோ ஒரு இடத்துல சர்ச் பர்மிஷன் இல்லன்னு அதுல தெளிவா எழுதியிருக்கு, ரெண்டு மணி நேரமா அந்த வரி அங்கயேதான் இருந்திருக்கு. உபுண்டு 21.04ல இருந்து ஹோம் ஃபோல்டர் 750தான், அதாவது சொந்தக்காரரும் அவர் குரூப்பும் தவிர வேற யாரும் உள்ள கால் வைக்க முடியாது, அப்பாச்சி ஓடறது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாங்கற யூசர்ல. வாசக்கதவு பூட்டியிருக்கு, நான் உள்ள ரூம் கதவ மட்டும் தொறந்து வச்சுட்டு ஏன் வரமாட்டேங்குதுன்னு கேட்டுட்டு இருந்தேன். நேம்ஐன்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஹைஃபன் எல் போட்டு முழு பாதையையும் குடுத்தா ஒவ்வொரு ஃபோல்டருக்கும் என்ன பர்மிஷன்னு வரிசையா காட்டும், எங்க அடைபட்டிருக்குன்னு ஒரே பார்வையில தெரியும். ஹோம திறந்து விடறதுக்கு பதிலா நான் ஃபைல் எல்லாத்தையும் வார் டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு கீழ மாத்திட்டேன், ஃபோல்டருக்கு 755ம் ஃபைலுக்கு 644ம் போதும்.

அப்புறம் 403 போய் அப்பாச்சியோட டீஃபால்ட் பக்கம் வந்துச்சு, என் பக்கம் வரல. ஐபிய அடிச்சு பாத்தா அப்படித்தான், எந்த பேரோடயும் பொருந்தலன்னா வரிசையில மொதல்ல இருக்கற சைட்ட குடுக்கும், அது 000-டீஃபால்ட். அத ஏ2டிஸ்சைட் கமாண்ட்ல ஆஃப் பண்ணிட்டு, செட்டிங்ஸ சரிபாக்கற கான்ஃபிக்டெஸ்ட் போட்டு சின்டாக்ஸ் ஓகே வந்தப்புறம் ரீலோட்.

பேர் வைக்கறதுல கடைசிக் குழி. எனக்கு பிடிச்ச பேர் ஒண்ண டாட் டெவ்னு முடியற மாதிரி வச்சேன். எந்தப் பேருக்கு எந்த ஐபின்னு விண்டோஸுக்கு சொல்ற ஹோஸ்ட்ஸ் ஃபைல நோட்பேட்ல எழுதி டெஸ்க்டாப்ல சேவ் பண்ணி அந்த ஃபோல்டருக்குள்ள காப்பி பண்ணேன், அது ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டின்னு போய் உக்காந்திருக்கு, விண்டோஸ் எக்ஸ்டென்ஷன மறைச்சு வச்சிருக்கறதால ரெண்டு ஹோஸ்ட்ஸ் இருக்கற மாதிரிதான் தெரிஞ்சுது. நோட்பேட அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, இருக்கற ஃபைலயே ஓப்பன் பண்ணி அதுலயே சேவ் பண்ணுங்க. அத சரி பண்ணியும் பிரவுசர் எச்டிடிபிஎஸ்ஸுக்கே ஓடுது, எச்டிடிபின்னு நானே அடிச்சாலும் மாத்திடுது. டாட் டெவ் முழுசுமே பிரவுசர்களோட எச்எஸ்டிஎஸ் (எச்டிடிபிஎஸ் மட்டும்தான்னு கட்டாயப்படுத்தற) லிஸ்ட்ல இருக்கு, குரோம்ல 2017 கடைசியில இருந்தே இப்படித்தான், சான்றிதழ் இல்லாம அந்தப் பேர்ல ஒரு பக்கமும் திறக்காது. இந்த மாதிரி வேலைக்குன்னே டாட் டெஸ்ட்ட 1999லயே ஒதுக்கி வச்சிருக்காங்க, நிஜ இன்டர்நெட்ல அந்த முடிவுல யாருக்கும் பேர் குடுக்க மாட்டாங்க. அதுக்கு மாத்தினேன், விர்ச்சுவல் ஹோஸ்ட்ல சர்வர்நேமையும் அதே மாதிரி மாத்தினேன், மணி ஒண்ணு, என் பக்கம் வந்துச்சு.

இன்னைக்கு காலையில ஒரு சின்ன விஷயம் மிச்சம் இருந்துச்சு. எடிட் பண்ண வசதியா லேப்டாப் ஃபோல்டர ஷேர்டு ஃபோல்டரா உள்ள காட்டினேன், சிஎஸ்எஸ்ஸ மாத்தறேன், பிரவுசர்ல பழசே வருது, கேஷ எல்லாம் அழிச்சாலும் பழசுதான். ஷேர்டு ஃபோல்டர்ல சென்ட்ஃபைல் (அப்பாச்சி ஃபைல வேகமா அனுப்பற வழி) சரியா வராது, அப்பாச்சி கான்ஃபிக்ல எனேபிள்சென்ட்ஃபைல் ஆஃப்னு ஒரு வரி போட்டதும் சரியாச்சு. டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவ ஷேர்டு ஃபோல்டர படிக்க உரிமை உள்ள விபாக்ஸ்எஸ்எஃப் குரூப்ல சேத்துட்டு அப்பாச்சிய ரீஸ்டார்ட் பண்ணுங்க, இல்லன்னா திரும்பவும் அந்த 403தான்.

எல்லாம் ஓடின உடனே மெஷின நிறுத்தி ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினோட அப்போதைய நிலைய அப்படியே சேமிக்கறது) எடுத்து வச்சேன், இனிமே என்ன உடைச்சாலும் ஒரு நிமிஷத்துல இந்த இடத்துக்கு வந்துடலாம். அப்புறம் வைஃபைய ஆஃப் பண்ணிட்டு ரீஃப்ரெஷ் அமுக்கினேன். பக்கம் வந்துச்சு.